மசூர் ஸ்டேஷனில் இறங்கிய பிள்ளைகள்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நம் ஊரில் அடிக்கடி சொல்வார்கள். பெரும்பாலும் பிள்ளைகளை அதட்டுவதற்குத்தான் இந்தப் பழமொழி பயன்படுகிறது. இதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்த்தால் என்ன? ஐந்திலேயே வளைத்து ஒடிக்கப் பார்த்த ஒரு பிள்ளை ஐம்பதில் நிமிர்ந்து நின்றால், அது எப்படி நடந்தது? சின்ன வயதில் பட்டது ஒருவரை எந்த அளவுக்கு உருவாக்குகிறது? வேலை மாற்றலில் மகாராஷ்டிரத்துக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி எனக்குள் பலமுறை எழுந்திருக்கிறது. காரணம் இந்த மண்ணில் வளர்ந்த ஒரு பையன்.

மகாராஷ்டிரத்தில் நவம்பர் 7ஆம் தேதியை மாணவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள் (2017 முதல்). 1900ஆம் ஆண்டு அதே தேதியில்தான் சாத்தாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் பீவா என்ற பையன் சேர்ந்தார். பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். நம் பிள்ளைகளுக்கு அவரை நீலக் கோட்டும் கையில் அரசியல் சட்டப் புத்தகமுமாகச் சிலையில்தான் தெரியும். சிலைக்குக் குழந்தைப் பருவம் கிடையாது. ஆனால் அந்த மனிதருக்கு இருந்தது. அதைப் பற்றி அவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

அம்பேத்கர் முழு சுயசரிதை எழுதவில்லை. 1935-36 வாக்கில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் சில நினைவுக் குறிப்புகளை எழுதினார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1990ல்தான் அது தனி நூலாக வந்தது. சில பத்துப் பக்கங்கள்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதில் முதலில் வருவது 1901ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நடந்த ஒரு பயணம்.

அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். 1901ல் அவர் சாத்தாரா மாவட்டம் கோரேகாவில் கேஷியர். அது என்ன வேலை தெரியுமா? பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். அவர்களுக்குக் கூலி வேலை கொடுப்பதற்காக பம்பாய் அரசு அங்கே ஒரு குளம் வெட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளம் வெட்டும் பணிக்குக் கேஷியர். (கேஷியர் என்ற சொல்லைப் பார்த்ததும் என் போன்ற வங்கிக்காரனுக்குக் கதை கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது!)

அம்மா பீமாபாய் ஏற்கெனவே இறந்துவிட்டார். பிள்ளைகள் சாத்தாராவில் அத்தையின் பொறுப்பில் இருந்தார்கள். லீவுக்கு வாருங்கள் என்று அப்பா எழுதினார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. முதன்முதலாக ரயில் பயணம். புதுச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, சரிகை வேலை செய்த குல்லாய் எல்லாம் தயாரானது. அண்ணனும், இறந்துபோன மூத்த அக்காவின் பிள்ளைகளும், ஒன்பது வயது பீமும் புறப்பட்டார்கள். சாயங்காலம் மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள்.

அழைத்துப் போக யாரும் வரவில்லை. அவர்கள் போட்ட கடிதம் அப்பாவின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்கிய பியூன் கொடுக்க மறந்துவிட்டான்.

நன்றாக உடுத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். நீங்கள் யார் என்று கேட்டார். மகர்கள் என்று பிள்ளைகள் யோசிக்காமல் சொல்லிவிட்டார்கள். அவர் முகம் மாறியது. சட்டென்று விலகிப் போய்விட்டார். வெளியே வாடகை வண்டிகள் நின்றன. இரட்டிப்புக் கூலி தருகிறோம் என்றாலும் ஒரு வண்டிக்காரரும் வரவில்லை. தீட்டுப்பட்டுவிடுமாம். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார், கூலி இரட்டிப்பு.

கூடையில் அத்தை கட்டிக் கொடுத்த சாப்பாடு இருந்தது. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. வழியில் ஆறு வரும் என்றார் வண்டிக்காரர். அங்கே கிடைத்தது மாடுகள் கலக்கிவிட்ட சேற்றுக் குட்டை. வாயில் வைக்க முடியவில்லை. இரவு ஒரு சுங்கச் சாவடியை அடைந்தார்கள். முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டு கேட்டுப் பாருங்கள் என்று யோசனை கிடைத்தது. பீம் போய் உருதுவில் கேட்டார். அங்கிருந்தவர் நம்பினாரோ இல்லையோ, தண்ணீர் தரவில்லை. சோற்றுக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பட்டினியாகப் படுத்தார்கள். மறுநாள் காலை 11 மணிக்குத்தான் கோரேகாவ் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊருக்குக் குளம் வெட்டும் இடத்தில் அப்பா கணக்கு எழுதுகிறார். அவரைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு வழியில் ஒரு வாய் தண்ணீர் இல்லை.

இங்கே அவர் எழுதியிருக்கும் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. தான் தீண்டத்தகாதவன் என்பது அதற்கு முன்பே அவருக்குத் தெரியும். பள்ளியில் தனியே ஒரு மூலையில் உட்கார வேண்டும். உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்தே கொண்டு போய்த் திரும்ப எடுத்து வர வேண்டும். குழாயைத் தான் தொடக் கூடாது, பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். சாத்தாராவில் நாவிதர்கள் இருந்தும் அக்காதான் முடி வெட்டிவிடுவார். இதையெல்லாம் உலக வழக்கம் போலிருக்கிறது என்று அந்தப் பையன் எடுத்துக்கொண்டிருந்தான். மசூர் பயணம்தான் "இது ஏன் இப்படி?" என்று கேட்க வைத்தது.

குழந்தைப் பருவம் நம்மை உருவாக்குகிறது என்று சொல்லும்போது இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தினமும் நடப்பது பிள்ளைக்கு அநியாயமாகத் தெரியாது, வழக்கமாகத்தான் தெரியும். அதிலிருந்து ஒரு நாள் விலகி நின்று பார்க்க நேரும்போதுதான் கண் திறக்கும்.

சரி, துன்பம்தான் அவரை உருவாக்கியது என்று முடித்துவிடலாமா? முடியாது. அதே 1901ல் இதே துன்பத்தை அனுபவித்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. துன்பம் தானாக யாரையும் உயர்த்துவதில்லை. "கஷ்டப்பட்டால்தான் முன்னுக்கு வரலாம்" என்று நாம் பிள்ளைகளிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

வித்தியாசம் எங்கே இருந்தது? முதலில் அப்பா. அந்தக் காலத்து ராணுவத்தில் சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கல்வி கிடைத்தது. ராம்ஜி படித்ததும் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அதனால்தான். கபீர் வழியில் நின்ற வீடு அது. 1904ல் குடும்பம் பம்பாய்க்கு வந்து, பரேலில் தொழிலாளிகள் வாழும் கட்டடத்தில் ஒரே அறையில் குடியேறியது. படிக்க இடமில்லை. பையன் சாயங்காலமே தூங்கிவிட, அப்பா விழித்திருந்து இரவு 2 மணிக்கு எழுப்பிவிடுவார். புத்தகம் வேண்டும் என்று மகன் கேட்டால், கல்யாணமான பெண்களிடம் போய்ப் பணமோ நகையோ கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வாங்கி வருவார். பென்ஷன் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். அடகு நகையின் பின்னால் என்னென்ன கதைகள் இருக்கும் என்பது கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பாடப் புத்தகமல்லாத ஒரு புத்தகத்துக்காக நகை அடகு வைப்பதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அடுத்து அண்ணன் ஆனந்தராவ். வீட்டில் இருவரையும் படிக்க வைக்க முடியாத நிலையில் அவர் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். பிறகு வெளியார் சிலர். 1907ல் மெட்ரிகுலேஷன் தேறியபோது கேலுஸ்கர் என்ற ஆசிரியர் தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பரோடா மகாராஜா சாயாஜிராவிடம் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழி செய்தவரும் அவரே. அந்தப் பையன் 1956ல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் புத்தகம் எங்கே போய் முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பம்பாயின் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததாக வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்சய் கீர் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஆசிரியர் ஒரு கணக்கைப் போடச் சொல்லி பீமைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே மற்ற பையன்கள் ஓடிப் போய்ப் பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துக்கொண்டார்கள், தீட்டாகிவிடுமே என்று. பிறகுதான் இவர் கணக்கைப் போட முடிந்தது.

நம் ஊரிலும் இதற்கு ஜோடி உண்டு. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றித் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பாராம். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவாராம். யாரோடும் சேர்ந்து விளையாட முடியாது. அந்தக் கோயம்புத்தூர்ப் பையனும் இந்தச் சாத்தாராப் பையனும் 1930ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அதுவும் நடக்கவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917ல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கியிருந்தார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். அவர் பூங்காவில் உட்கார்ந்து அழுதார். மசூரில் தொடங்கிய பயணம் இருபத்தாறு வயதிலும் முடியவில்லை.

ஆனால் இப்போது அந்தப் பையனின் "ஏன்?" என்ற கேள்விக்குப் பின்னால் படிப்பும் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடு ஊரில் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். நகராட்சி அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது, காகிதத்தில் மட்டும். வழக்கு பத்து ஆண்டு நடந்து, 1937ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர் தரப்பு வென்றது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவரிடம் இருந்தன. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு 1945ல் உருவானதும் அப்போதுதான்.

1950ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள், சாலைகள் என்று வரிசையாக வருகிறது. எந்தக் குடிமகனையும் சாதியைக் காட்டி இவற்றிலிருந்து விலக்கக் கூடாது. சட்டம் பலர் கூடி எழுதியது, ஒருவரின் சொந்தக் கதையல்ல. ஆனாலும் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு மசூர்ச் சாலைதான் ஞாபகம் வருகிறது. (ரிசர்வ் வங்கியையே அவர்தான் உருவாக்கினார் என்று சிலர் எழுதுகிறார்கள், அது கொஞ்சம் மிகை. 1923ல் ரூபாய் பிரச்சினை பற்றி முக்கியமான நூல் எழுதினார், 1925ல் ஹில்டன் யங் கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். கேஷியர் மகனுக்கு அதுவே பெரிய பெருமை.)

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் வேறு. அந்தச் சாப்பாட்டு டப்பாக்களை எடுக்க ஓடினார்களே, அந்தப் பையன்கள். அவர்களும் குழந்தைகள்தான். கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அந்த ஓட்டத்தை அவர்களுக்கு யாரும் பாடமாக நடத்தியிருக்கவும் மாட்டார்கள். வீட்டில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். குழந்தைப் பருவம் அவமானப்பட்டவரை மட்டும் உருவாக்குவதில்லை, பக்கத்தில் நின்றவர்களையும் உருவாக்குகிறது.

வெளியூரில் வாழும் நாம் பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாது, நம் பழக்கவழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று கவலைப்படுகிறோம். நியாயமான கவலைதான். ஆனால் ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்ததில் எல்லாமே கொடுக்கத் தக்கதா? நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வேலைக்கு வரும் அம்மாவுக்கென்று நம் சமையலறையில் தனி டம்ளர் இருக்கிறதா? குடியிருப்பில் அவர்களுக்குத் தனி லிஃப்ட் இருந்தால் அதைப் பற்றி நாம் வாய் திறந்தோமா? புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தை "நீங்க எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைத்து விசாரிப்பதை, ஹோம்வொர்க் எழுதுகிற பிள்ளை கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது?

நாம் சொல்லிக் கொடுப்பதைப் பிள்ளைகள் பாதி மறந்துவிடுவார்கள். நாம் நடந்துகொள்வதைத்தான் உலக வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது, பத்து வயதில் உங்கள் வீட்டில் பிள்ளை இருந்தால், அந்த மசூர்ப் பயணத்தை ஒரு நாள் கதையாகச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் சொன்னபோது மகள் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வீட்லயும் தண்ணி இருந்திருக்குமே, அவர் ஏன் குடுக்கலைப்பா?"