பெயர் தவறிய ஜுரம்

வியாதிக்கு மருந்து எது என்று கேட்க நாம் விரைகிறோம். வியாதி எது என்று கேட்க விரைவதில்லை. அறிதல் முந்தியது, மருந்து பிந்தியது என்பதற்கு நமது பேராக் மாநிலமே சாட்சி பகரும்.

1998-ம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு கடுஞ்ஜுரம் தோன்றிற்று. தலைவலியோடு தொடங்கி, சில தினங்களில் நினைவைக் கெடுத்து, பலருக்கு மூச்சையும் ஒடுக்கிற்று. இரையானவர் பெரும்பாலும் சீனப் பண்ணைக்காரர். அங்குக் கூலிக்கு உழைத்த இந்தியரும் உண்டு.

அதனை ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று அதிகாரிகள் கொண்டனர். காரணம் இல்லாமலில்லை. அந்நோய் இந்நாட்டில் முன்னரே உண்டு. பன்றியிடத்துப் பெருகிக் கொசுவால் மனிதரை அடைவது. சிலரது இரத்தப் பரிசோதனையும் அதற்கு இசைந்தே நின்றது. ஆகவே கொசுவுக்குப் புகையடித்தனர். ஜனங்களுக்குத் தடுப்பூசி போட்டனர். ஜுரமோ நிற்கவில்லை.

ஐயுறுவதற்குரிய அடையாளங்கள் கண்ணெதிரே கிடந்தன. ஜப்பானியக் காய்ச்சல் பெரிதும் சிறுவரைப் பற்றுவது. இதுவோ உழைக்கும் வயதினரான ஆண்களைப் பற்றிற்று. தடுப்பூசி பெற்றவரும் விழுந்தனர். பன்றிகளும் பலத்த இருமலோடு நோயுற்றன. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? பன்றியைத் தொட்டுப் பழகியவனைப் பிடித்து, அவனோடு ஒரே கூரையின்கீழ் உறங்கியவனை விட்டதன் பொருள் யாது?

இதற்கிடையில் பன்றிகள் லாரியேறித் தெற்கே சென்றன; நோயும் உடன் சென்றது. நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா கிராமம் பெருந்துயருற்றது. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தார். 1994-ல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு அது உறவு என்று அமெரிக்க ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. அக்கிராமத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து, கனிமரங்களை அடுத்த பன்றிக் கொட்டில்களுக்கு அது வந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பெயர் தெரிந்தது, வழியும் தெரிந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, கொள்ளை அடங்கிற்று. ஆயினும் மலேசியாவில் நோயுற்ற 265 பேரில் 105 பேர் மாண்டிருந்தனர். அந்நோய்க்கென நிரூபணமான மருந்து இன்றும் இல்லை. மூச்சுக் கருவியும் இடையறாத பராமரிப்புமே துணை.

பால்மரங்கள் வீழ்ந்து, தோட்டத்துப் பிள்ளைகள் பண்ணைக்கும் பட்டறைக்கும் சிதறிவிட்ட காலம் இது. கடுஞ்ஜுரத்தோடு நினைவு தடுமாறினால், திருநீறு போடுபவனிடம் ஒரு பொழுதைக் கழிப்பது உயிரைக் கழிப்பதாகும். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். சென்று, எங்கே வேலை, எந்தப் பிராணியோடு பழக்கம், உடனுழைப்பவர் எவரேனும் விழுந்தாரா என்பதைக் கேளாமலே சொல்லுங்கள். வைத்தியரும் அதைக் காதுகொடுத்துக் கேட்கட்டும். கூலிக்காரன் வாய்ச்சொல்லும் ஒரு பரிசோதனையே; அதற்குக் கருவி வேண்டுவதில்லை, மதிப்பு ஒன்றே வேண்டும்.