ஒவ்வொன்றாக

பேட்ச் என்ற சொல் உருவகமாகப் பிறந்ததல்ல. 1944இல் ஹார்வர்டில் ஓடத் தொடங்கிய மார்க் 1 கணினிக்கு நிரல் என்பது துளையிட்ட காகித நாடா. தப்பான துளையைத் திருத்த அதன்மேல் காகிதத் துண்டை ஒட்டினார்கள். அப்படி ஒட்டுப் போட்ட நாடா ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ஆவணங்களில் இருக்கிறது. கிழிந்த சட்டைக்கும் கணினிக்கும் ஒரே வைத்தியம்தான்.

ஒரே கணினி என்றால் நிறுத்திவிட்டு ஒட்டலாம். நிறுத்தவே கூடாத கணினிக்கு என்ன செய்வது?

1983இல் டெக் நிறுவனம் வாக்ஸ்கிளஸ்டரை அறிவித்தது. பல கணினிகள் சேர்ந்து ஒன்றுபோல வேலை செய்யும். ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு கணினிக்கும் ஓட்டு உண்டு. போதுமான ஓட்டு இல்லையென்றால் மொத்தக் கூட்டமும் வேலையை நிறுத்திவிடும், பாதிப் பாதியாகப் பிரிந்து ஆளுக்கொரு கணக்கு எழுதிவிடக் கூடாது என்பதற்காக. இதை கோரம் என்பார்கள். ஐந்து கணினிகள் இருந்தால் மூன்றாவது எழுந்து நிற்க வேண்டும்.

விபத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு பராமரிப்புக்கும் உதவியது. ஒரு கணினியை நாமே வெளியே எடுத்து, புதுப்பித்து, திரும்பச் சேர்த்து, அடுத்ததற்குப் போகலாம். ரோலிங் அப்கிரேடு என்ற அந்த முறைதான் இன்றுவரை எங்கள் தொழிலின் அடிப்படை. ஆனால் அதை ரொம்ப காலம் மனிதர்கள்தான் கையால் செய்தார்கள், பெரும்பாலும் நள்ளிரவில். நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன். ‘மச்சி, நோடு காலியாயிடுச்சா? ரீபூட் பண்ணட்டுமா?’ என்று சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்குக் கேட்கும் குரலில் ஒரு பயம் இருக்கும். ஒட்டுப் போட்டால் ஏதாவது உடையலாம். போடாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதனால் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமாகவே தெரியும்.

அந்தப் புத்திசாலித்தனத்துக்கு 2003 ஜனவரி 25 அன்று விலை கிடைத்தது. ஸ்லாமர் என்ற புழு வெறும் 376 பைட். பத்தே நிமிடத்தில், பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் சுமார் 90 சதவீதத்தைப் பிடித்தது. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் பலவற்றில் பணம் எடுக்க முடியவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. மருந்து ஆறு மாதமாக அலமாரியில் கிடந்திருக்கிறது. அந்த மைக்ரோசாஃப்டின் சொந்தக் கணினிகள் சிலவும் தப்பவில்லை.

அப்போ மெஷினே பண்ணட்டும் என்பதுதான் இயல்பான முடிவு. 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் எழுதிய சிஎஃப்இஞ்சின் அந்தப் பாதையைத் திறந்தது. பப்பட், ஆன்சிபிள் எல்லாம் பின்னால் வந்தவை. கையால் செய்வதன் ஆபத்தோ இன்னொரு பக்கம் தெரிந்தது. 2012 ஆகஸ்ட் 1, நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். எட்டு சர்வர்களில் ஏழில் புது நிரலை ஏற்றிய பணியாளர் ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. எட்டாவதில் வருடக்கணக்காகத் தூங்கிய பழைய நிரல் விழித்துக்கொண்டது. 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். பதற்றத்தில் மற்ற ஏழிலிருந்தும் புது நிரலை நீக்கினார்கள். பழைய நிரல் எட்டிலும் ஓடி, நிலைமை இன்னும் மோசமானது. இது இயங்குதளப் பேட்ச் அல்ல. ஆனால் கூட்டத்தில் ஒன்றை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் சர்வர் 2012இல் கிளஸ்டர் அவேர் அப்டேட்டிங் என்ற வசதி வந்தது. நைட் சம்பவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு நோடின் வேலைகளைப் பக்கத்து நோடுக்கு மாற்றும், பேட்ச் போடும், தேவையென்றால் ரீபூட் செய்யும், வேலைகளைத் திருப்பிக் கொடுக்கும், அடுத்ததற்குப் போகும். அந்த இரவு இரண்டு மணிக் குரலை அப்படியே நிரலாக்கிவிட்டார்கள். எதையும் மறக்காது. அதில் ஓர் அமைப்பும் உண்டு: எத்தனை நோடுகள் தோற்றால் மொத்த ஓட்டத்தையும் நிறுத்துவது? ஆன்சிபிளிலும் இதே மாதிரி ஒன்று உண்டு.

அந்த எண் ஏன் முக்கியம் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பாதுகாப்புக் கோப்பு ஒன்றில் பிழை. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது வேகத்தில் குறைபட்ட தானியக்கம் அல்ல. கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, அவர்கள் எழுந்து நடக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அடுத்தவர்களுக்குக் கொடுக்கும் படிகள் அந்தக் கோப்புக்கு இல்லை. ஸ்லாமரில் மருந்து போய்ச் சேரவில்லை. இங்கே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இந்த வரலாற்றை வேகத்தின் கதையாகத்தான் கான்ஃபரன்ஸ் மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அது நிற்கக் கற்றுக்கொண்ட கதையாகவே படுகிறது. பேட்ச் போடுவதை எந்த ஸ்கிரிப்டும் செய்யும். இந்த நோடு நலமாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது, எத்தனை விழுந்தால் போதும் என்று நிறுத்துவது என்ற இரண்டையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. பிங் வந்தால் நலம் என்று எழுதியவரும் உண்டு. வாடிக்கையாளரின் பணம் சரியான கணக்கில் சேர்ந்தால்தான் நலம் என்று எழுதியவரும் உண்டு. இரண்டும் ஒரே வரிதான், இரண்டுக்கும் பச்சை விளக்கே எரியும்.