முழுகாம இருக்கிறா: முதலில் அறிவது யார்?

இரண்டு வருசத்துக்கு முன்னம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்களில் மூன்று பேர் ஒரு பார்மசிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றோம். கேட்டு வாங்கவேண்டியது ஒரு சின்னப் பெட்டி மட்டும்தான். கூட வந்த சிநேகிதிக்கு நாள் தள்ளிப்போய் ஒன்பது நாள். கடைசியில் துணிந்து உள்ளுக்குப் போனோம். கவுண்டரில் நின்ற அண்ணா பெட்டியை எடுக்க முதல் மூன்று பேரின் கழுத்தையும் ஒருக்காப் பார்த்தார். "ஆருக்குத் தங்கச்சி?" என்று கேட்டார். பிறகு பழைய பேப்பரில் சுற்றி, ஏதோ களவுச் சாமான் மாதிரி, மேசைக்குக் கீழால் தந்தார்.

அந்த "ஆருக்கு" என்ற கேள்விதான் எங்களை இதை எழுத வைத்தது. ஒரு பெண்ணின் வயிற்றில் பிள்ளை இருக்கா இல்லையா என்பதை முதலில் அறிகிற உரிமை யாருக்கு? தேடிப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு மூவாயிரம் வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

எங்கட பேச்சிலிருந்தே தொடங்குவோம். "அவ முழுகாம இருக்கிறா" என்று அம்மம்மாமார் சொல்லுவினம். மாதவிலக்கு முடிந்து முழுகுகிற நாள் வரவில்லை, அதனால் பிள்ளை தங்கியிருக்கு என்பதுதான் பொருள். ஆக, கர்ப்பத்தின் முதல் அடையாளம் எங்கட சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்கவேணும். கிணற்றடியில் யார் எப்ப முழுகினது என்று முழு வீட்டுக்கும் தெரியும். பெட்டை வாயைத் திறக்க முதலே மாமி கணக்குப் பார்த்திருப்பா. அந்த அறிவு பெண்களுடையதுதான், ஆனால் எப்பவும் அந்தப் பெண்ணுடையதாக இருக்கவில்லை.

நாள் தள்ளுவது ஒன்றை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல ஏலாது என்பதும் பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது. எகிப்தில், கி.மு. 1350 அளவில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் பேர்லின் பப்பைரஸ் சுவடி ஒரு சோதனையைச் சொல்கிறது. பெண் தன் சிறுநீரை ஒவ்வொரு நாளும் கோதுமையிலும் பார்லியிலும் ஊற்றவேணும். முளைத்தால் பிள்ளை பிறக்கும், முளைக்காவிட்டால் இல்லை. எது முளைக்குது என்பதை வைத்து ஆணா பெண்ணா என்றும் சொன்னார்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் 1963 இல் ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தபோது, கர்ப்பிணிகளின் சிறுநீர் மாதிரிகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் தானியம் முளைத்தது. கர்ப்பமில்லாத பெண்களினதும் ஆண்களினதும் சிறுநீரில் முளைக்கவில்லை. ஆணா பெண்ணா என்ற பகுதி மட்டும் பிழைத்துப் போனது. விடை சிறுநீருக்குள் இருக்கிறது என்ற ஊகம் சரிதான். அதை நிரூபிக்க உலகம் 20 ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தது.

இடைப்பட்ட காலத்தில் பெரிய பெரிய ஆட்களே ஏமாந்தார்கள். இங்கிலாந்தின் முதலாம் மேரி அரசி 1554 இல் தான் கர்ப்பம் என்று நம்பினா. மாதவிலக்கு நின்றது, வயிறு பெருத்தது. 1555 ஏப்ரலில் பிள்ளைப்பேற்றுக்காக ஹம்ப்டன் அரண்மனைக்குள் ஒதுங்கினா. தொட்டிலும் தயார். மாதங்கள் போயின, பிள்ளை பிறக்கவேயில்லை. அரசிக்கே அந்த நிலை என்றால் சாதாரணப் பெண்களை யோசித்துப் பாருங்கோ.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் நிச்சயமான அடையாளமாகக் கருதப்பட்டது பிள்ளையின் அசைவு. ஐந்தாம் மாதம் அளவில் உள்ளுக்குள் ஒரு துடிப்பு, ஒரு சிறகடிப்பு. அதைத் தாய் மட்டும்தான் உணர முடியும், அவ சொன்னால்தான் மற்றவைக்குத் தெரியும். சட்டமும் அதைத்தான் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் மரணதண்டனை விதிக்கப்பட்ட பெண் தான் கர்ப்பம் என்று சொன்னால், பெண்கள் கொண்ட ஒரு ஜூரி அவளின் வயிற்றைச் சோதிக்கும். பிள்ளை அசைந்தால் தண்டனை பிற்போடப்படும். 1803 இல் வந்த கருக்கலைப்புச் சட்டமும் அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என்று குற்றத்தை இரண்டாகப் பிரித்தது. 1837 இல் அங்கே அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

இங்கே எடுக்கவில்லை. பிரித்தானியர் 1883 இல் இலங்கைக்குத் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தில் அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்று வருசம் வரை சிறை, பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருசம் வரை. தன் கருவைத் தானே கலைக்கிற பெண்ணும் இதற்குள் அடக்கம். ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் வந்த பிறகும், ஒரு பெண் தன் உடம்பில் உணர்கிற அந்த முதல் அசைவு சட்டத்தில் தண்டனையை அளக்கிற கோலாகத்தான் கிடக்கிறது.

19 ஆம் நூற்றாண்டில் வைத்தியர்மார், பெரும்பாலும் ஆண்கள், பெண் சொல்லாமலே கண்டுபிடிக்க வழி தேடினார்கள். டப்ளினில் வில்லியம் மொன்ட்கோமரி 1837 இல் கர்ப்ப அடையாளங்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். மார்புக்காம்பைச் சுற்றி எழும்பும் சின்னப் புடைப்புகளுக்கு இன்றும் அவரின் பெயர்தான். கருப்பைவாசல் நீலம்பாரிப்பதற்கு அமெரிக்க வைத்தியர் சாட்விக்கின் பெயர். எங்கட பக்கம் அதே காலத்தில், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார். 1857 இல் ஓர் ஆங்கிலப் பிரசவ நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பெரிய வேலைதான். ஆனால் அந்த வகுப்பில் இருந்தவர்களும் ஆண்களே. மருத்துவிச்சிக் கிழவிகளிடம் இருந்த அறிவு அந்தப் புத்தகத்துக்கு வெளியில் நின்றது.

பிறகு ஆய்வுகூடம் வந்தது. 1927-28 இல் பேர்லினில் செல்மார் ஆஷ்ஹைம், பேர்ன்ஹார்ட் சொண்டெக் என்ற இருவர், பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசியால் ஏற்றினார்கள். நாலைந்து நாளில் எலிகளைக் கொன்று சூலகத்தைப் பார்த்தால் விடை தெரியும். 1933 இல் நாஸிகள் ஆட்சிக்கு வந்த பிறகு யூதர்களான இருவரும் வேலை இழந்து நாட்டை விட்டுப் போகவேண்டி வந்தது. 1931 இல் அமெரிக்காவில் எலிக்குப் பதிலாக முயல் வந்தது. விடை எதுவானாலும் முயல் சாகத்தான் வேணும். 1930களில் தென்னாபிரிக்காவிலிருந்து நகத்தவளை வந்தது. ஊசி போட்ட தவளை ஒரு நாளைக்குள் முட்டையிட்டால் கர்ப்பம். தவளை சாகாது, அதையே திரும்பவும் பாவிக்கலாம். 1960 இல் சுவீடனில் உயிருள்ள மிருகத்தில் சோதிக்கத் தேவையில்லாத சோதனை வந்தது. சோதனைக்குழாயின் அடியில் ஒரு வளையம் தெரிந்தால் கர்ப்பம்.

இத்தனைக்கும் பெண் எங்கே? அவ சிறுநீரைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருந்தா. விடை முதலில் போனது வைத்தியருக்கு.

அதை மாற்றினது ஒரு வைத்தியர் இல்லை. மார்கரெட் கிரேன் என்ற 26 வயது வடிவமைப்பாளர். 1967 இல் நியூ ஜேர்சியில் ஒரு மருந்துக் கம்பனிக்கு அழகுசாதனப் பெட்டிகள் வடிவமைக்கப் போனவ. அங்கே கண்ணாடிக்கு மேல் வரிசையாகத் தொங்கின சோதனைக்குழாய்களைக் கண்டா. இது இவ்வளவு லேசு என்றால் ஏன் ஒரு பெண் வீட்டிலேயே செய்யக்கூடாது என்று யோசித்தா. மேசையில் கிடந்த பேப்பர் கிளிப் பெட்டியை மாதிரியாக வைத்து முதல் கருவியைச் செய்தா. கம்பனி ஆண்களுக்கு விருப்பமில்லை, வைத்தியர்மார் கோபிப்பினம் என்று பயந்தார்கள். காப்புரிமை அவவின் பெயரில் பதிவானது, ஆனால் ஒரு டொலருக்குக் கம்பனிக்கு எழுதிக்கொடுக்கவேண்டி வந்தது. அந்த ஒரு டொலரும் கைக்கு வரவில்லை என்று பின்னாளில் சொன்னா. 1971 இல் கனடாவில் அது கடைக்கு வந்தது. இன்றைய ஒற்றைப்பட்டைச் சோதனை 1988 இல் வந்தது.

இப்ப கையில் இருக்கிற பட்டை என்ன செய்கிறது? கரு கருப்பையில் ஒட்டின பிறகு, நஞ்சுக்கொடியாக வளரப்போகும் கலங்கள் எச்.சி.ஜி. என்ற ஹோர்மோனைச் சுரக்கின்றன. தொடக்க நாட்களில் அது இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கா இரட்டிக்கிறது. அது சிறுநீரில் வந்தால் இரண்டாவது கோடு விழும். அதனால் நாள் தள்ளிப்போக முதல் சோதித்தால் பிழைக்கலாம். ஒரு கோடு வந்தும் மாதவிலக்கு வராவிட்டால் ஒரு கிழமையால் திரும்பப் பாருங்கோ. மார்பு நோவு, களைப்பு, அடிக்கடி மூத்திரம் போவது, ஓங்காளம், வாசனை பிடிக்காமல் போவது எல்லாம் அடையாளங்கள்தான். ஆனால் இவற்றில் சில மாதவிலக்குக்கு முந்தின நாட்களிலும் வரும். ஓங்காளமே இல்லாத கர்ப்பமும் உண்டு. இரண்டு கோடு வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ, இரத்தப்போக்கோ, மயக்கமோ வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

இலங்கைக்கு இதில் பெருமைப்படவும் ஒன்று இருக்கு. 1926 இல் களுத்துறையில் தொடங்கின சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த மருத்துவமாது சேவை இன்று கிராமத்து வீட்டு வாசல் வரை வருகிறது. எங்களில் பலர் பிறக்க முதலே அவையின் பதிவேட்டில் ஏறினவர்கள். ஆனால் அந்தப் பதிவேடு கல்யாணம் கட்டின பெண்ணை மனதில் வைத்துத் தொடங்கினது. கழுத்தில் ஒன்றுமில்லாத ஒருத்தி முதலில் போகிற இடம் பார்மசிதான். அங்கேதான் அந்த "ஆருக்கு?" காத்திருக்கு.

பார்மசி அண்ணா கெட்டவர் என்று நாங்கள் சொல்லவரவில்லை. கிணற்றடி மாமியும், வயிறு தடவின ஜூரியும், எலிக்கு ஊசி போட்ட ஆய்வுகூடமும் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார். அந்தப் பெட்டி கண்டுபிடிக்கப்பட்டதே அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு பெண் விடையை அறியவேணும் என்பதற்காக. அவருக்கு அது தெரிந்திருக்காது. எங்களுக்கும் அன்றைக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அரை மணித்தியாலம் வெளியில் நின்றிருக்க மாட்டோம்.

சிநேகிதிக்கு எத்தனை கோடு வந்தது என்று கேட்பீர்கள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். அதை மட்டும் எழுதவேண்டாம் என்று சொன்னாள்.