காலமும் கலமும்



திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என்னும் எண்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. அதே பாலில் 93ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமை அமைந்திருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ செந்நிறத் திராட்சை மதுவின் வரலாறு. மதுவை ஒருபோதும் சுவைத்தறியாத ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் இதைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் வினவலாம். 93ஆம் அதிகாரத்தின் அறமே என் அறம், அதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு பொருளை எப்போது வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது திறப்பது என்று மனிதன் கற்றுக்கொண்ட கதையை இந்த மதுவைப்போல் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்று அரிது. அக்கதை முன்சொன்ன மூன்று அதிகாரங்களுக்கும் ஒரு விரிவுரை போன்றது. மேலும், அது எங்கள் ஊர்த் திராட்சைப் பந்தலின்கீழ் நின்று நான் கேட்ட ஒரு கேள்விக்கு விடையும் ஆகும்.

என் ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையில் உள்ளது. 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தபின் இப்பள்ளத்தாக்கின் முகம் மாறிற்று. நெல்லும் வாழையும் தென்னையும் செழித்தன. பின்னாளில் திராட்சைப் பந்தல்களும் பரவின. நாங்கள் பன்னீர்த் திராட்சை என்று அழைக்கும் கருநீலக் கனியை, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்னும் பெயரால் அறியும். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதனைத் தமிழகத்திற்குக் கொணர்ந்ததாகக் கூறுவர். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிற இடங்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறையே அறுவடை. எங்கள் பள்ளத்தாக்கிலோ ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் குலை தொங்கிக்கொண்டே இருக்கும்.

நான் எட்டாம் வகுப்பில் பயின்ற காலம். எங்கள் பந்தலில் குலைகள் நன்றாகத் திரண்டிருந்தன. வியாபாரி ஒருவர் விலை பேசினார். என் தந்தையார், “இன்னும் நான்கு நாள் நின்றால் இனிப்பு ஏறும், விலையும் ஏறும்” என்று கருதி மறுத்துவிட்டார். மூன்றாம் நாள் இரவு மழை கொட்டிற்று. விடியற்காலையில் பார்க்கும்போது பழங்கள் தோல் வெடித்துச் சாறு வடிந்துகொண்டிருந்தன. அதே வியாபாரி வந்தார். முன்பு சொன்ன விலையில் பாதிகூடத் தரவில்லை. தந்தையார் ஒன்றும் பேசாமல் கூடைகளை எடுத்துக் கொடுத்தார். “ஐயா கணக்குப் போட்டது தப்பா?” என்று நான் கேட்டேன். “கணக்குச் சரிதான்டா, காத்திருக்கத்தான் நமக்கு வழியில்லை” என்றார். அந்த விடையின் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்து, வரலாற்று நூல்களின் நடுவே விளங்கிற்று.

திராட்சையின் இயல்பு ஒன்றை இங்கே அறிதல் வேண்டும். வாழையையும் மாவையும் காயாக வெட்டிப் பழுக்க வைக்கலாம். திராட்சை கொடியிலிருந்து அறுத்தபின் மேலும் பழுப்பதில்லை. ஆகவே, அறுக்கும் நாளைக் கணிப்பதே அதன் முதற் காலக்கணக்கு. அறுத்தபின் சில நாளில் அது கெடும். இந்தச் சில நாளைப் பல ஆண்டுகளாக நீட்டுவதற்கு மனிதன் கண்ட வழியே மது.

பண்டைக் காலத்தில் அவ்வழியில் நெடுந்தொலைவு சென்றவர்கள் கிரேக்கரும் உரோமரும் ஆவர். அவர்கள் ஆம்போரா என்னும் இருகைப் பிடியுடைய மண்சாடியில் மதுவை நிரப்பினர். சாடியின் உட்புறம் மரப்பிசின் பூசி, வாயைத் தக்கையாலோ மண்வில்லையாலோ அடைத்துச் சுண்ணச் சாந்தால் மூடினர். சிலவற்றின் கழுத்தில் அவ்வாண்டின் ஆட்சித் தலைவர் பெயரையும் எழுதினர். எந்த ஆண்டின் மது என்பதை வாங்குவோன் அதனால் அறிந்தான். கி.மு. 121இல் ஒபிமியசு என்பவர் ஆட்சித் தலைவராயிருந்தபோது விளைந்த மது பெரும்புகழ் பெற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துப் பிளினி என்னும் அறிஞர் அதைப் பற்றி எழுதுகையில், அது கசப்பேறிய தேன்போல் இறுகிவிட்டது என்று குறித்தார். மதுவிற்கும் இளமை உண்டு, முதிர்ச்சி உண்டு, மூப்பும் உண்டு என்பதற்கு இது சான்று.

அச்சாடிகள் நம் கடற்கரைக்கும் வந்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது ஆம்போரா ஓடுகள் வெளிப்பட்டன. எங்கள் மலைக்கு மேற்கே, முசிறித் துறைமுகம் இருந்த இடமாகப் பலர் கருதும் பட்டணத்தில், 2007 முதல் நடந்த அகழாய்வும் அத்தகைய ஓடுகளை மிகுதியாகத் தந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளசு என்னும் கடல்வழி நூல், முசிறியில் இறங்கிய சரக்குகளுள் மதுவையும் சேர்க்கிறது. ஆனால் சிறிதளவே என்கிறது. அது அரசரும் செல்வரும் பருகும் அரும்பொருளாக இருந்திருக்கும். யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகி வாழ்வதாக நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் வாழ்த்துகிறார்.

‘தேறல்’ என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். தேறுதல் என்பது தெளிதல். அடியில் மண்டி தங்கி, மேலே தெளிந்து நிற்பதே தேறல். திருமுருகாற்றுப்படையோ மலைவாழ் குறவர் நெடிய மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேன்கள்ளைக் குறிப்பிடுகிறது. ஆகவே, கலத்தில் இட்டுக் காத்திருத்தலும், மண்டி நீக்கித் தெளிவை எடுத்தலும் நம் முன்னோர் அறியாதவை அல்ல. அவர்தம் மொழியே அதனை நினைவில் வைத்திருக்கிறது.

உரோமப் பேரரசு மேற்கே வீழ்ந்தபின் ஐரோப்பாவில் சாடி மறைந்து மரப்பீப்பாயே பெருவழக்காயிற்று. பீப்பாய் காற்றை முற்றிலும் தடுப்பதில்லை. எனவே பெரும்பாலான மது ஓராண்டிற்குள் புளித்தது. பழைய மது மலிவு, புதிய மதுவே விலை மிகுதி என்னும் நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. அதனை மாற்றியது கலம்தான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலையில் உறுதியான கண்ணாடிப் புட்டிகள் செய்யப்பட்டன. தக்கையும் உடன் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புட்டிகள் படுக்கவைத்து அடுக்கத்தக்க உருளை வடிவம் பெற்றன. படுத்த புட்டியில் தக்கை எப்போதும் நனைந்திருக்கும்; நனைந்த தக்கை சுருங்காது; காற்று புகாது. மீண்டும் காலத்தைக் கலத்துள் அடைக்க முடிந்தது.

அடைத்த கலத்துள் என்ன நிகழ்கிறது? திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று பிணைந்து, பெருத்து, மண்டியாகப் படிகின்றன. நாவைப் பிடிக்கும் துவர்ப்பு மென்மையாகிறது. கத்தரிப்பூ நிறம் செங்கல் நிறமாக வெளிறுகிறது. துவர்ப்பும் புளிப்பும் மிக்க மதுவே நெடுங்காலம் தாங்கும். அவை குறைந்த மது இளமையிலேயே பருகத்தக்கது. எங்கள் பன்னீர்த் திராட்சையின் மது இவ்வகையினது. “பழையது எல்லாம் சிறந்தது” என்னும் எண்ணம் பிழை என்பதை இதனால் அறியலாம்.

இனி வாங்குதலைக் காண்போம். பிரான்சில் போர்தோ வட்டாரத்தின் மதுவகைகள் 1855இல் தரவரிசைப்படுத்தப்பட்டன. மெதோக் பகுதியின் செம்மதுவகைகள் ஐந்து நிலைகளாக வகுக்கப்பட்டன. அங்கே அறுவடைக்கு அடுத்த வேனிற்பருவத்தில், மது இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே விலை பேசி வாங்கும் வழக்கம் உண்டு. இது கதிர் முற்றுமுன் நெல்லுக்கு முன்பணம் தருவது போன்றது. 1970, 1971 ஆகிய ஆண்டுகளின் நல்விளைவால் விலை ஏறிற்று. 1972இன் விளைவு தாழ்ந்ததாயினும் விலைமட்டும் உயர்ந்தே நின்றது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டில் மதுச் சந்தை சரிந்து, வாங்கிக் குவித்த வணிகர் பலர் நொடித்தனர். பெயரை வாங்குவோன் ஏமாறுவான். ஆண்டையும் விலையையும் சேர்த்து நிறுப்பவனே தப்புவான்.

வைத்தலுக்கு இருளும் அசைவின்மையும் 12 முதல் 14 பாகை வரையிலான மாறாத குளிர்ச்சியும் வேண்டும். ஐரோப்பாவில் நிலவறை இதனைத் தரும். நம் நாட்டின் வெப்பத்தில் மது விரைவில் மூப்படையும். சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் ‘லால் ஷராப்’ என்று வழங்கிய போர்தோச் செம்மதுவைக் காக்க மிகவும் இடர்ப்பட்டனர். மதராசில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. இதற்கு மாறாக, மதீராத் தீவின் மதுவோ வெப்பமண்டலக் கடற்பயணத்தில் கப்பலின் அடித்தட்டில் வெந்து, முன்னிலும் சிறந்து விளங்கிற்று! ஒன்றைக் கெடுக்கும் இடம் மற்றொன்றை வளர்க்கிறது. இடனறிதல் என்பது இதுவன்றோ?

வடித்தலிலும் காலம் உண்டு. முதிர்ந்த மதுப்புட்டியை ஒருநாள் நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கும். பின்பு, கழுத்திற்குப் பின்னால் விளக்கொளி தெரிய, ஆடாமல் வேறு கலத்தில் ஊற்றுவர். மண்டி கழுத்தை எட்டும்போது நிறுத்துவர். துவர்ப்பு மிக்க இளமதுவிற்குக் காற்று நன்மை செய்யும். மிகப் பழைய மதுவோ காற்றுப்பட்ட சிறிது நேரத்தில் மணம் இழந்துவிடும். பருகும் காலத்தை அறிய, தேர்ந்தோர் ஒரே மதுவில் பன்னிரண்டு புட்டிகள் வாங்கி, சில ஆண்டுகளுக்கு ஒன்றாகத் திறந்து பார்ப்பர். அவர்கள் ஊகத்தை நம்புவதில்லை, சோதித்துக் குறித்துக்கொள்கின்றனர்.

இப்போது என் தந்தையார் கூறியதற்கு வருகிறேன். காலத்தை அவரும் அறிந்திருந்தார். ஆனால் போர்தோ வணிகனிடம் இருந்த கலமும், குளிர்ந்த அறையும், பத்தாண்டு பொறுக்கத்தக்க முதலும் அவரிடம் இல்லை. காலம் தன் பயனைக் காத்திருக்க வல்லவனுக்கே தருகிறது. அதனால்தான் வள்ளுவர் காலமறிதலுக்கு முன்னே வலியறிதலையும், பின்னே இடனறிதலையும் வைத்தார் போலும்.

எங்கள் பள்ளத்தாக்கின் உழவனுக்கு மது வேண்டும் என்று நான் கூறவில்லை. காத்திருக்கும் வலிமை வேண்டும் என்கிறேன். குளிர்பதனக் கிடங்கு அவனுக்கு நிலவறை ஆகும். பழச்சாறும் உலர்திராட்சையும் அவனுக்கு முத்திரையிட்ட சாடி ஆகும். நாலு பேர் சேர்ந்த கூட்டுறவு அவனுக்கு முதல் ஆகும். எந்த ஆண்டு எப்போது கவாத்து செய்தோம், எப்போது மழை வந்தது, என்ன விலைக்குப் போயிற்று என்று எழுதி வைக்கும் குறிப்பேடு, சாடியின் கழுத்தில் எழுதிய ஆண்டுக்குறிப்பை ஒக்கும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் நிலம் உண்டென்றால், இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். கிடங்கு கட்டப் பணம் வேண்டும். குறிப்பெழுத ஓர் எழுதுகோல் போதும். அன்று என் தந்தையாரிடம் அப்படியொரு குறிப்பேடு இருந்திருந்தால், அந்த மாதத்தில் முந்திய ஆண்டுகளில் எப்போது மழை இறங்கிற்று என்று பார்த்து, அந்த நான்கு நாளைப் பற்றி ஒருமுறை கூடுதலாக எண்ணியிருப்பார்.