பண்டா வந்தானா, வந்தாரா?

1848 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் ஒருவருக்கு முடிசூட்டினார்கள். கொங்காலேகொட பண்டா என்று நாம் அறியும் மனிதர் அவர். தேசாதிபதி டொரிங்டனின் புதிய வரிகள் அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தன. துவக்குக்கு வரி, கடைக்கு வரி, வளர்க்கும் நாய்க்கும் வரி. மலைநாடு கொதித்துக் கிடந்தது. முடிசூட்டிய கையோடு கூட்டம் மாத்தளைப் பக்கம் இறங்கியது. மறுநாளே கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா செப்டெம்பர் 21இல் எல்கடுவையில் பிடிபட்டார். பிடித்தவர்கள் இலங்கை றைபிள் படையின் மலாய்ச் சிப்பாய்கள். நாடு கடத்தப்பட்டு அவர் போய்ச் சேர்ந்த இடமும் மலாக்காதான். 1849 டிசம்பரில் அங்கேயே இறந்துபோனார்.

'பிடிபட்டார்', 'இறந்துபோனார்' என்று எழுதுகிறேன். 'பிடிபட்டான்' என்றும் எழுதலாம். தமிழில் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். நடுவில் நிற்க இடமில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே 'ஹீ' போதும்.

ஆனால் ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் மரியாதைக் குறைவை வேறொரு சொல்லில் வைத்தார்கள். பண்டாவை அவர்களுடைய ஆவணங்கள் 'பிரிட்டெண்டர்' என்கின்றன. இதே வேரில் வந்த 'பிரெத்தான்தான்' என்ற பிரெஞ்சுச் சொல்லில் பழிப்பு இல்லை. முடிக்கு உரிமை கோருபவரையும் அது குறிக்கும், பெண் கேட்டு வருபவரையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் அரசியல் வழக்கில் உரிமை கோருபவர் என்பதே பொருள். பேச்சு வழக்கிலோ 'பாசாங்கு செய்பவன்' என்றாகிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்ருவட் வம்சத்து ஜேம்ஸை எதிரிகள் அந்தப் பெயரால் அழைத்தார்கள். அவருடைய ஆட்களுக்கு அவர் அரசர். ஏட்டுச் சொல்லின் மரியாதையும் தெருச் சொல்லின் ஏளனமும் ஒன்றாகச் சேர்ந்து தம்புள்ளை மனிதரின் தலையில் ஏறின. அதைத் தமிழில் 'போலி அரசன்' என்று பெயர்த்தால், தெருச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஏட்டுச் சொல்லைக் கைவிட்டவர்களாகிறோம்.

அவருடைய உரிமை மெய்யானது என்று வாதாட நான் வரவில்லை. பேலியகொடைப் பக்கத்திலிருந்து வந்த மனிதர், கண்டி அரச வம்சத்தின் உறவினர் என்று சொல்லிக்கொண்டதை நம்புவது கடினம். என் கேள்வி வேறு. அன்று விகாரை முற்றத்தில் நின்ற கமக்காரர் அவரை எந்தச் சொல்லால் விளித்தார்கள்?

சிங்களத்தில் இது சின்னக் கேள்வி அல்ல. ஏறத்தாழ இருபது வருடங்கள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து 1679இல் தப்பிய றொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் முன்னிலைச் சொற்களை மட்டும் எட்டு வரை எண்ணிக் காட்டுகிறார். 'தோ' தொடங்கி 'உம்ப' வழியாக மேலே ஏறும் படிக்கட்டு அது. 'தோ' இன்றைக்கும் வசைதான். 'உம்ப' நெருங்கியவர்களுக்குள் செல்லும். நாட்டுப்புறத்து உழவனும் அரசவைக்காரனைப் போலவே நயமாகப் பேசுவான் என்று அவர் வியக்கிறார். அந்தக் காலத்தில் ஆங்கிலம் 'தௌ' என்ற தன் 'நீ'யைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1693இல் நொக்ஸின் நூல் பிரெஞ்சுக்குப் போயிற்று. அந்த மொழியிடம் இருந்தவை 'த்யூ', 'வூ' என்ற இரண்டே படிகள். எட்டுப் படியை இரண்டில் எப்படி அடக்குவது?

1848இன் விசாரணைகளில் சாட்சிகள் சிங்களத்தில் சொன்னது துபாஷியின் வாய்வழியாக ஆங்கிலப் பதிவாயிற்று. எந்தப் படியிலிருந்து பேசினாலும் பதிவில் விழுவது ஒரே 'யூ'. கமக்காரர் பண்டாவை அரசராகத்தான் கண்டார்களா என்பதற்கு அந்த ஒற்றைச் சொல் எத்தனை பெரிய சாட்சியாக இருந்திருக்கும்! கைதிகளோடு அதுவும் போய்விட்டது.

மொழி தாண்டும்போது சொல் படியிறங்குவது நமக்குப் புதிதல்ல. தமிழில் 'தம்பி' என்றால் வாஞ்சை. சிங்களத்தில் அது 'தம்பியா' ஆகி முஸ்லிம்களை இழிக்கும் சொல்லாயிற்று. அந்தச் சொல்லைச் சிங்களக் கதையொன்றில் காணும் மொழிபெயர்ப்பாளர் அப்படியே 'தம்பி' என்று போட்டால், ஏச்சு அன்பாக மாறிவிடும், கதையும் கெட்டுவிடும். அதற்காக எல்லாச் சொற்களும் இறங்கிவிடவில்லை. தம்புள்ளையின் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி கொண்டுவரும் சிங்களக் கமக்காரர், முஸ்லிம் வியாபாரியை உரிமையோடு 'நானா' என்பார். கணக்குப் பேசும் நேரம் 'முதலாளி' என்பார். தமிழிலிருந்து போன சொல்தான் அது. மரியாதை குறையாமல் அங்கேயே இருக்கிறது.