நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர்

தேர்தல் முடிந்ததும் நாம் எல்லோரும் ஆவலோடு கேட்கும் கேள்வி, "வென்றவர் யார்?" என்பது. "வாக்களிக்க வந்தவர் எத்தனை பேர்?" என்று கேட்பவர் மிகச் சிலரே. அச்சிலரும், வந்தவர் தொகை குறைந்திருக்கக் கண்டால், "மக்களுக்குப் பொறுப்புணர்ச்சி போதாது" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுவர். அத்தீர்ப்புச் சரிதானா? வரலாறு கற்பித்தே தலை நரைத்தவன் நான். வரலாற்றையே சாட்சியாக அழைத்து இக்கேள்வியை ஆராய விரும்புகிறேன். சாட்சி சொல்ல ஆஸ்திரேலியா வரட்டும்.

ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடி 1901-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவாயிற்று. 1922-ஆம் ஆண்டில் அங்கு நடைபெற்ற பொதுத்தேர்தலில், பட்டியலில் பெயருள்ள வாக்காளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேரே வாக்களித்தனர். அடுத்த பொதுத்தேர்தல் 1925-இல் நடந்தது. அப்போது வந்தவர் நூற்றுக்கு 91 பேர். இடையில் கழிந்தவை மூன்றே ஆண்டுகள். அம்மூன்று ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் எல்லோரும் திடீரென்று நற்குடிமக்களாக மாறிவிட்டனரா? இல்லை. மக்கள் அதே மக்கள்தாம், மாறியது சட்டம்.

குவின்ஸ்லாந்து மாநிலம் 1915-ஆம் ஆண்டிலேயே வாக்களிப்பதைக் கட்டாயமாக்கியிருந்தது. டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் பெய்ன் என்னும் மேலவை உறுப்பினர், அம்முறையைக் கூட்டாட்சித் தேர்தலுக்கும் விரிக்கும் மசோதா ஒன்றை 1924-இல் கொண்டுவந்தார். அது அரசாங்கத்தின் மசோதா அன்று. தனி உறுப்பினர் ஒருவரின் மசோதா. ஆயினும் இரு அவைகளும் அதனை விரைவாகவே நிறைவேற்றின. தக்க காரணமின்றி வாக்களிக்கத் தவறுவோருக்கு இரண்டு பவுன் வரை அபராதம் விதிக்கலாம் என்பது விதி. கட்சிகளுக்கும் இஃது உவப்பாகவே இருந்தது. வாக்காளரை வீடுவீடாகச் சென்று அழைத்துவரும் செலவும் உழைப்பும் குறையும் அல்லவா?

அப்படியாயின், அபராதத்துக்கு அஞ்சித்தான் மக்கள் வந்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். அச்சம் ஒரு பகுதிதான். "நீ வந்தே தீரவேண்டும்" என்று குடிமகனுக்கு ஆணையிடும் அரசு, "நீ வருவதற்கு வழி செய்வேன்" என்று தானும் கடமைப்படுகிறது. பட்டியலில் பெயர் சேர்ப்பதை அந்நாடு 1911-லேயே கட்டாயமாக்கிற்று. 1913 முதல் கூட்டாட்சித் தேர்தல்கள் சனிக்கிழமைகளில் நடைபெறுகின்றன. உழைத்து உண்பவன் கூலி இழக்காமல் வாக்களிப்பதற்கு அஃது உதவிற்று. நேரில் வர இயலாதார்க்கு அஞ்சல் வாக்கு உண்டு. கட்டாயம் என்பது குடிமகனையும் அரசையும் ஒருங்கே பிணிக்கும் கயிறு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

முறையின் வலிமையை நான் முதலில் உணர்ந்தது நூல்களில் அன்று, வகுப்பறையில். வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுக்கக் கையுயர்த்தச் சொன்னால், பின் வரிசைப் பிள்ளைகள் பலர் கையைத் தூக்கவே மாட்டார்கள். எவனுக்கு விரோதியாவோமோ என்ற தயக்கம்! அதே வகுப்பில் துண்டுத்தாள் கொடுத்து எழுதி மடித்துப் போடச் சொன்னேன். ஒருவன் பாக்கியில்லாமல் எல்லாரும் போட்டார்கள். ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளான விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856-இல் சட்டமாக்கிய இரகசிய வாக்கு முறையின் பயன் அன்றுதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று. இங்கிலாந்து அதனை 1872-ஆம் ஆண்டில்தான் மேற்கொண்டது.

ஒரு நாட்டின் சான்று மட்டும் போதுமா என்று விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஐயுறலாம். சோதனையை மறுபுறமாகவும் செய்து பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம். கட்டாயத்தை நீக்கினால் என்ன ஆகும்? அச்சோதனையை நெதர்லாந்து நமக்குச் செய்து காட்டியிருக்கிறது. கட்சிகள் பெறும் வாக்குகளின் அளவுக்கு ஏற்ப இடங்களைப் பகிர்ந்தளிக்கும் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையையும், வாக்குச்சாவடிக்கு வந்தே தீரவேண்டும் என்ற விதியையும் அந்நாடு 1917-ஆம் ஆண்டில் சேர்த்தே ஏற்றது. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் வந்தனர். 1970-இல் கட்டாய விதி நீக்கப்பட்டது. 1971-இல் வந்தவர் ஏறத்தாழ 79 பேரே. விகிதாசார முறையோ அப்படியே இருந்தது. ஒன்று நிற்க மற்றொன்று நீங்கியதால், இவ்வீழ்ச்சிக்கு எது முதற்காரணம் என்பது தெளிவாகிறது.

ஆனால் சாவடிக்கு வந்துவிட்டால் மட்டும் வாக்குப் பயன்பட்டுவிடுமா? இங்கே இன்னொரு பாடம் உண்டு. ஆஸ்திரேலிய மேலவைத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதவேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 1974-ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நின்றவர்கள் 73 பேர்! எழுபத்து மூன்று எண்களையும் தவறின்றி எழுதுவது கணக்கு வாத்தியாருக்கே சோதனையாகும். அவ்வாண்டு நாடு முழுவதிலும் மேலவைக்கு இட்ட வாக்குகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செல்லாதவையாயின. 1984-ஆம் ஆண்டில், தாம் விரும்பும் கட்சிக்கு நேரே ஒரே ஓர் அடையாளம் இட்டாற் போதும் என்ற எளிய வழியும் திறக்கப்பட்டது. செல்லாத வாக்குகள் பாதிக்கும் கீழே குறைந்தன. கால்நடையாக நெடுந்தொலைவு வந்தவனின் கருத்தைத் தாளின் வடிவமே வீணாக்கிவிடக் கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, இந்தக் கதையின் இருண்ட பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பதே நேர்மை. நூற்றுக்கு 91 பேர் வந்தனர் என்றேன். அந்த நூறு பேர் யார்? பட்டியலில் பெயர் உள்ளவர்கள். பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 1902-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிற்று, பெருமைக்குரிய செயல். அதே சட்டம், அம்மண்ணின் பழங்குடியினரையும் ஆசியர், ஆப்பிரிக்கர் முதலியோரையும், ஒரு சில விலக்குகள் நீங்கலாக, வாயிலுக்கு வெளியே நிறுத்திற்று.

அவ்வாறு நிறுத்தப்பட்டோருள் அங்குக் குடியேறிய இந்தியரும் இருந்தனர். அவர்களுக்காக வாதாட 1922-இல் ஆஸ்திரேலியா சென்றவர், வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராய் விளங்கிய வீ. எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1925-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவிற் பிறந்து அங்கு வாழ்ந்தோர்க்கு வாக்குரிமை வழங்கிற்று. ஆனால், அம்மண்ணின் மைந்தரான பழங்குடியினர் அனைவருக்கும் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை கிடைத்தது 1962-இல்தான். பெயர் பதிவதும் வாக்களிப்பதும் மற்றவரைப் போலவே அவர்களுக்கும் கடமையானது 1984-ஆம் ஆண்டில். 91 என்னும் எண்ணைப் பார்த்து வியந்தவர்கள், நூறு என்னும் எண்ணுக்குள் அடங்காதவர்களை நெடுங்காலம் நினைத்துப் பார்க்கவில்லை.

கட்டாய முறை நல்லதா, கெட்டதா? அறிஞர்கள் இரு பக்கமும் நிற்கிறார்கள். உரிமை என்றால் அதனைப் பயன்படுத்தாமல் இருக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்பர் ஒரு சாரார். வராதவர் தொகை மிகும்போது, வராமற் போவோருள் ஏழையும் கல்லாதவருமே மிகுதி. ஆகவே ஆட்சியாளர் செவிக்கு அவர்கள் குரல் எட்டாது என்பர் மற்றொரு சாரார். இரண்டாவது வாதமே எனக்கு வலியதாகத் தோன்றுகிறது. நீங்கள் இரண்டையும் எடைபோட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள். இந்தியாவில் வாக்களிப்பது கட்டாயம் அன்று. 1989 முதல், 18 வயது நிரம்பியவர் வாக்காளராகலாம் என்பதே நம் நாட்டு விதி.

ஆகவே, அடுத்த தேர்தலில் வந்தவர் தொகையைச் செய்தியில் கேட்கும்போது, மக்களைப் பழிப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர் யார்? வர விரும்பியும் வர இயலாதவர் யார்? வந்தும் வாக்கு வீணானவர் யார்? இவற்றுள் முதற்கேள்விக்கு உங்கள் அளவில் விடை கூறுவது உங்கள் கையிலேயே இருக்கிறது. வயது வந்ததும் உங்கள் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள். பின், உங்கள் தெருவில் பெயர் விடுபட்டவர் உளரா என்றும் கேட்டறியுங்கள்.