காளவாசல் சூடும் பாலித்தீன் கூரையும்



மதுரைக்கு வருகிறவர்களுக்குக் காளவாசல் தெரியாமல் இருக்காது. காளவாசல் என்றால் செங்கல் சூளைதான். சூளையில் விறகு எரிகிறது, கல் வேகிறது. அதில் அதிசயம் இல்லை. ஆனால் விறகும் இல்லாமல் கரண்டும் இல்லாமல், வெறும் பாலித்தீன் தாள் போர்த்திய பசுமைக்குடிலுக்குள் நடுப்பகலில் நுழைந்தால் வேர்த்துக் கொட்டுகிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? அதே குடில் விடியற்காலையில் சில்லிட்டுப் போகிறதே, அது ஏன்? இதைத் தெரிந்துகொள்ளாமல் குடில் போட்டால், போட்ட முதல் திரும்பாது.

வெயில் உள்ளே வந்து மண்ணைச் சூடாக்குகிறது. சூடான மண் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை விடுகிறது. அந்தக் கதிர்களைக் கண்ணாடி மறித்துக்கொள்வதால்தான் கண்ணாடிக் குடிலுக்குள் சூடு என்று வெகுகாலம் நம்பினார்கள். 1909-ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் உட் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு பெட்டிகள். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்கு உப்புப்பாறையில் செய்த மூடி. உப்புப்பாறை வெப்பக் கதிரை மறிக்காது. இருந்தும் இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்தன. இதிலிருந்து என்ன தெரிகிறது? பகல் சூட்டுக்கு முக்கியக் காரணம், சூடான காற்று மேலே போக வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடப்பதுதான்.

பாலித்தீன் பிறந்தது 1933-ல், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில், தற்செயலாக. விவசாயத்துக்கு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்மெர்ட். கண்ணாடி வாங்கக் காசு போதாததால் 1948-ல் மரச்சட்டம் கட்டி, பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். பின்னால் பாலித்தீன் வந்து, ஏழை விவசாயிக்கும் குடில் கைக்கெட்டியது.

ஆனால் பாலித்தீனிடம் ஒரு குறை. அது உட் வைத்த உப்புப்பாறை மாதிரி. வெப்பக் கதிரைப் பிடித்து வைக்காது. பகலில் காற்றை அடைத்துச் சூடாக்கும். இரவில் மண்ணின் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில், குடிலுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துபோவதும் உண்டு! "பகல்ல வேகுது, ராத்திரி நடுங்குது" என்று சொல்வது பொய்யில்லை.

இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, தாளையே மாற்றுவது. வெப்பக் கதிரை மறிக்கும் பொருளைச் சேர்த்துச் செய்த தாள்கள் வந்தன. இரண்டாவது, நம் நாட்டில் லடாக் கையாண்ட வழி. 1962-ல் லே நகரில் ராணுவ ஆராய்ச்சித் துறை ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. பனிக்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி போகும் ஊர் அது. அங்கே தரையில் பள்ளம் தோண்டி, மேலே பாலித்தீன் போட்டு, இரவில் அதன்மேல் இன்னொரு போர்வையும் மூடிக் கீரை வளர்க்கிறார்கள். சுற்றியுள்ள மண்ணே அடுப்பு, போர்வையே கதவு.

சரி, நம்ம ஊருக்கு என்ன? உறைபனி விழும் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இரவுச் சூடு வேண்டும். மதுரைச் சமவெளிக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு எதிரி பகல் சூடு. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது நாலாபக்கமும் மூடிய குடில் காளவாசலேதான். 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியில் பூ கொட்டும், பிஞ்சு நிற்காது. மலையில் பார்த்ததை அப்படியே கீழே கொண்டுவந்து கட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆகவே, மானியம் கிடைக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். மிளகாய், தக்காளி நாற்று விடுவதற்கு 50 சதவீத நிழல்வலைக் குடில் போதும். பாலித்தீன் குடில்தான் வேண்டுமென்றால் கூரையை உயர்த்திக் கட்டி, உச்சியில் காற்றுப்போக்கி வையுங்கள். பக்கங்களில் தாளுக்குப் பதில் பூச்சி வலை கட்டுங்கள். புற ஊதாக் கதிர் தாங்கும் 200 மைக்ரான் தாளா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தாள் வெயிலில் பொரிந்து கிழிந்துவிடும். செலவு செய்யுமுன் ஒரு வெப்பமானியை உள்ளே, நிழலில் தொங்கவிட்டிருக்கும் ஒரு குடிலை நேரில் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருதடவை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருதடவை. அது சொல்லும் கணக்கை எந்த வியாபாரியும் மாற்றிச் சொல்ல முடியாது.